இடது காலில் அரை இஞ்ச்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்ற தைலமரத்துக்குக் கீழே, டிபன் பையைக் கையில் பிடித்தபடி, என் கணவரின் இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் மூன்று மாடி உயரத்தில் இருந்தார். இடுப்பு பெல்ட்டின் கயிறு மரத்தைச் சுற்றியிருந்தது. காலை பதினொரு மணி வெயில். கம்பெனிக்குள் மெஷின் சத்தம் இல்லை, மின்கம்பியில் கரண்ட்டும் இல்லை. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்களே, அந்த நாள். கம்பியை ஒட்டி நிற்கும் மரங்களை வெட்ட இவர்களுக்கு அதுதான் வசதி. எங்கள் கம்பெனிக்கும் அன்று விடுமுறை. அவர் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேலம்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தேன்.

வலது காலை எடுத்து மரத்தில் குத்தினார். சரியாக நின்றது. இடது காலை எடுத்துக் குத்தினார். முழங்காலுக்குக் கீழே காலோடு ஒட்டி நிற்க வேண்டிய இரும்புப் பட்டை, காலை விட்டு விலகி நின்றது. அரை இஞ்ச் இருக்கும்.

இருபது வருடமாக சாம்பிள் டெய்லராக இருக்கிறேன். அரை இஞ்ச் எனக்குத் தெருக்கோடியிலிருந்தும் தெரியும். அதைவிட, அந்தப் பட்டையைக் காலோடு கட்டியிருந்த வாரைத் தைத்தவளும் நான்தான்.

குறை சொல்லாத மனிதர்

இந்தத் தொடரில் இதுவரை என் தையல் மெஷினைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். "உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார், அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மரம் வெட்டுகிறார், தாயே. அதை எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கை வியர்க்கும். அதனால்தான் இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன்.

அவர் பெயர் தங்கதுரை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு திருப்பூருக்கு வந்தவர்கள் நாங்கள். நான் தையலுக்குப் போனேன், அவர் அயர்ன் டேபிளுக்குப் போனார். பல வருடம் நீராவியில் நின்றார். ஆர்டர் குறைந்து அந்தக் கம்பெனி மூடியபோது, எங்கள் லைன் வீட்டுச் சந்தில் காற்றுக்குச் சாய்ந்த ஒரு வேப்பமரத்தை வெட்ட ஆள் வந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர் கயிறு பிடித்துக் கொடுத்தார். மறுநாள் அவர்களோடேயே போய்விட்டார்.

"கீழ நின்னு கயிறு பிடிக்கத்தான் எஸ்தரு, மேல எல்லாம் ஏற மாட்டேன்" என்றார். நானும் நம்பினேன். ஆறு மாதம் கழித்து மேலே ஏறினார்.

அன்றிலிருந்து மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் மெஷினில் உட்காருகிறேன். காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை என் போன் அடிக்கக் கூடாது. அடித்தால் ஊசி விரலில் ஏறும். கடன் அட்டை வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண்ணிடம், "ஏன்மா இந்த நேரத்துல கூப்பிடுதே" என்று அழுதேவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளை பயந்து வைத்துவிட்டது.

அவரைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் குறை சொல்ல மாட்டார். உப்பே போடாத குழம்பை ஊற்றினாலும் "நல்லா இருக்கு" என்று இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிடுவார். நான் ஒரு வாய் வைத்த பிறகுதான் விஷயம் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீ வேலைக்கும் போயிட்டு வந்து சமைக்க, இதுல என்ன சொல்ல" என்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைக் கொடுத்துவைத்தவள் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முள் வாங்கப் போனோம்

கிளை இல்லாமல் நெட்டுக்குத்தாக நிற்கும் மரத்தில் ஏற இவர்கள் காலில் ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். இவர் குழுவில் அதற்கு 'முள்ளு' என்று பெயர். காலின் உட்புறமாக, முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை ஓர் இரும்புப் பட்டை. அது பூட்ஸுக்கு அடியில் வளைந்து மிதியாக நிற்கும். கணுக்காலுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு கூர் முள். மேலே கெண்டைக்காலில் ஒரு வார், கீழே கணுக்காலில் ஒரு வார். முள்ளை மரத்தில் குத்தி, அதன்மேல் முழு உடம்பையும் ஏற்றி நிற்க வேண்டும். வெட்டிச் சாய்க்கப் போகிற மரத்தில் மட்டும்தான் இதைப் போடுவார்கள். வாழ வேண்டிய மரத்தில் போட்டால் காயம் ஆறாது.

முதலில் குழுவின் பழைய முள்ளைப் போட்டுக்கொண்டு ஏறினார். அது யாரோ ஒரு நெட்டையனுக்கு வாங்கியது. பட்டையின் மேல் நுனி இவர் முழங்கால் எலும்பில் இடித்து இடித்து, அந்த இடம் கறுத்துப் புண்ணாகிவிட்டது. அதையும் அவர் சொல்லவில்லை. துணி துவைக்கும்போது பேன்ட்டில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். சொந்தமாக ஒரு ஜோடி வாங்கியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

குழுவின் தலைவர் செல்லமுத்து அண்ணன். மங்கலத்துக்காரர். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்து மரத்துக்கு வந்தவர். என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று அவரைக் கேட்டேன்.

"மொழங்காலுக்குக் கீழ ரெண்டு வெரல் விட்டு இரும்பு நிக்கோணுமுங்க அம்மிணி. அதுக்கு மேல போனா இடிக்கும், ரொம்பக் கீழ நின்னா கெண்டைக்கால் கடுக்கும். கனம் கொறச்சலா இருந்தாச் சாயங்காலம் கால் தூக்கலாம். அப்பறம் அந்த மெத்தை. அதுல காசு பாக்காதீங்க."

கடைசி வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்து இஞ்ச் டேப்பால் அளவெடுத்தேன். முழங்காலிலிருந்து குதிகால் வரை, கெண்டைக்கால் சுற்று, கணுக்கால் சுற்று. பூட்ஸ் போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை. "பேன்ட் தைக்கவா போறே" என்று சிரித்தார்.

பட்டறையில் அடித்துக் கொடுப்பது ஒன்று இருந்தது. விலை மலிவு. தூக்கிப் பார்த்தேன், அம்மிக்குழவி. நாள் முழுக்க அதைக் காலில் கட்டிக்கொண்டு நடக்க முடியாது. அடுத்தது கனம் இல்லாத உலோகத்தில் செய்தது. கால் வளைவுக்கு ஏற்ப அகலமான தோல் மெத்தை, இரட்டை வார், உயரத்தைக் கூட்டிக் குறைக்கத் துளைகள். கையில் வாங்கியதுமே நல்ல பொருள் என்று தெரிந்தது. விலையைக் கேட்டதும் கையிலிருந்து கீழே வைத்துவிட்டேன். மூன்றாவது, போனில் பார்த்து வரவழைப்பது. குழுவில் ஒருவரிடம் இருந்ததை வாங்கிப் பார்த்தேன். எஃகுதான், ஆனால் கனம் பரவாயில்லை. உயரத்தை மாற்றவும் முடியும். விலை அந்த நல்ல பொருளில் பாதி. ஒரே ஒரு குறை, மெத்தை என்ற பெயரில் அட்டை மாதிரி எதையோ ஒட்டியிருந்தார்கள். வாரும் மெல்லிசு, ஓரம் சதையை அறுக்கும்.

எனக்குள் இருந்த டெய்லர் எழுந்து உட்கார்ந்தாள். ஒரு மெத்தைக்கும் ஒரு வாருக்குமா இரண்டு மடங்கு விலை? அதைத் தைக்கத் தெரியாமலா நான் இத்தனை வருடம் மெஷின் மிதித்தேன்?

"மூணாவதையே வாங்குங்க. மெத்தையும் பெல்ட்டும் நான் தச்சுத் தாரேன்" என்றேன்.

அவர் வழக்கம்போல "சரி" என்றார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசியவள் நான்.

பனியன் ஊர்க்காரியின் புத்தி

எங்கள் ஊரில் சொகுசு என்றால் ஒரே அர்த்தம்தான். இழுத்தால் வர வேண்டும், விட்டால் போக வேண்டும். கழுத்தானாலும் இடுப்பானாலும் உடம்போடு கூடவே அசைய வேண்டும். புதிதாக ஒரு சாம்பிள் கைக்கு வந்தால் நாங்கள் முதலில் செய்வது, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்ப்பதுதான்.

அந்தப் புத்தியோடுதான் உட்கார்ந்தேன். உள்ளே ஸ்பாஞ்ச், மேலே வியர்வை உறிஞ்சும் காட்டன் இன்டர்லாக் துணி. சதையை அறுக்கும் அந்த வாரைக் கத்தரித்து எறிந்தேன். நான்கு விரல் அகலத்துக்கு நல்ல எலாஸ்டிக் எடுத்து, அதன்மேல் பனியன் கழுத்துக்குப் போடும் ரிப் துணி போர்த்தி, பக்கிளோடு சேர்த்து மூன்று வரிசைத் தையல் போட்டேன். நூல் பிரியக் கூடாது என்பதுதான் அன்றைக்கு என் ஒரே கவலை. தையல் விட்டால்தானே ஆபத்து என்று நினைத்தேன். கடைசி வரை ஒரு தையல்கூட விடவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

கட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் நான்கு நடை நடந்தார்.

"கமெண்ட் சொல்லுங்க" என்றேன். எங்கள் கம்பெனியில் சாம்பிளைப் போட்டுப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் குறிப்புக்கு அதுதான் பெயர். தோள் கால் இஞ்ச் தூக்குகிறது, கை அரை இஞ்ச் நீளம் என்று வரிசையாக எழுதி அனுப்புவார்கள். அதைப் பார்த்துத் திருத்தித் தைப்பதுதான் என் பிழைப்பு.

"சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கு" என்றார் அவர்.

கம்பெனியில் எல்லோரிடமும் பெருமையடித்தேன். கடையில் வாங்கினால் இவ்வளவு ஆகும், நான் பாதி விலையில் முடித்துவிட்டேன், இப்போதெல்லாம் அவருக்குக் கால் வலியே இல்லை. தினமும் சாயங்காலம் கேட்பேன், "எப்படி இருக்கு?" தினமும் சொல்வார், "நல்லா இருக்கு."

இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. எந்த எலாஸ்டிக்கும் ஒரு நாள் இழுத்தால் திரும்ப வராது என்பது எனக்குத் தெரியாதா? பழைய பாவாடை முதல் பள்ளிக்கூட சாக்ஸ் வரை எத்தனை பார்த்திருக்கிறேன். ஆனால் நான் தைத்தது அப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு விசில்

மறுபடியும் தைலமரத்தடிக்கு வருகிறேன்.

"ஏனுங்க அம்மிணி, வெயில்ல நிக்கறீங்க? அக்கட்டால நெழல்ல உக்காருங்க" என்றபடி செல்லமுத்து அண்ணன் வந்தார்.

"அண்ணே, அவரு இடது காலைப் பாருங்க. இரும்பு வெலகுது."

கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "பெல்ட்டு நீங்க தெச்சதுதானுங்களே?"

"ஆமாண்ணே. எலாஸ்டிக்கு. மேல பனியன் துணி."

அவர் முகம் மாறிவிட்டது. "அது இழுவுமேங்க" என்றார் மெதுவாக.

இரும்பு காலோடு ஒட்டி நின்றால்தான் முள் சாய்வாக மரத்துக்குள் இறங்கும். இரும்பு விலகினால் முள்ளும் நிமிர்ந்துகொள்ளும். அப்புறம் அது மரத்தைப் பிடிக்காது, பட்டையை உரித்துக்கொண்டு வழுக்கும். தைலமரத்தின் பட்டையோ தானாகவே உரிந்து தொங்கும் பட்டை. இதெல்லாம் பிறகு செல்லமுத்து அண்ணன் எனக்கு விளக்கிச் சொன்னது. அப்போது அவர் சொன்னது ஒன்றுதான்.

"கூப்புடாதீங்க. உங்க கொரலு கேட்டாக் குனிஞ்சு பாப்பாரு."

அந்தக் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. மேலே ஆள் இருக்கும்போது கீழே ஒருவர்தான் பேச வேண்டும். அவரும் எடுத்த எடுப்பில் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. முதலில் ஒரு விசில். விசில் கேட்டால் மேலே இருப்பவர் என்ன செய்துகொண்டிருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். அதன் பிறகுதான் பேச்சு.

செல்லமுத்து அண்ணன் விரலை மடித்து வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார்.

இவர் இடது காலை அப்போதுதான் எடுத்து வைத்திருந்தார். நிற்கப் பார்த்தார். உடம்பின் கனம் அந்தக் காலில் இறங்கியது. இரும்பு விலகியது, முள் பிய்த்துக்கொண்டு வந்தது.

ஒரு முழம் கீழே வழுக்கினார். இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப்பிடித்தார். பெல்ட் கயிறு மரத்தில் இறுகிப் பிடித்தது. நீளமாக ஒரு பட்டை உரிந்து என் காலடியில் வந்து விழுந்தது. தைல வாசனை. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் இயேசுவே, இயேசுவே என்று கூப்பிட்டேன்.

"தம்பீ, வலது கால் நல்லா நிக்குதுங்களா?" செல்லமுத்து அண்ணன் காய்கறிக்காரரிடம் விலை கேட்பதுபோல் கேட்டார்.

"நிக்கிண்ணே."

"அப்ப அப்படியே பெல்ட்டுல சாஞ்சுக்குங்க. அவசரமில்லீங்க. கரண்ட்டு சாயங்காலந்தான் வரும். எறங்கோணும்னு நெனைக்காதீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். இறங்குவதுதான் ஏறுவதைவிட ஆபத்து, அந்த வாரை இறுக்காமல் ஓர் அடிகூட இறங்கக் கூடாது என்றார். அவர்களிடம் கயிறு இருந்தது, எல்லாம் கட்டைவிரல் மொத்தம். கெண்டைக்காலில் சுற்றி இறுக்க அது ஆகாது. இழுபடாத துணியாக, நீளமாக ஏதாவது வேண்டும். கீழே நின்றவர்கள் போட்டிருந்ததும் பனியன் ரகம். என் துப்பட்டாவைத் தொட்டேன். கம்பெனியில் மிஞ்சிய துணி, அதுவும் பனியன் ரகம்தான். சுடிதார், தலையில் கட்டியிருந்த துணி, எதைத் தொட்டாலும் இழுத்தால் வந்தது. என் உடம்பில் இழுபடாத நூல் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தபோது எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது.

"கையில என்னுங்க?" என்றார் அவர்.

டிபன் பை. செல்லமுத்து அண்ணன் ஊர்த் தறியில் ஓடிய, வெளுக்காத முரட்டுக் காடா துணியில், எப்போதோ அவரே கொடுத்த பை. தோளில் மாட்டுவதற்கு இரண்டு நீளமான கைப்பிடிகள். அவர் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒரு நூல் அசையவில்லை.

அரிவாளால் இரண்டையும் அறுத்தார். இவர் மேலிருந்து கயிறு ஒன்றை விட, அதன் நுனியில் அவற்றை முடிந்து அனுப்பினோம். பெல்ட்டில் தொங்கிக்கொண்டே இடது முழங்காலை மடக்கி, என் எலாஸ்டிக்கின் மேல் அந்தக் காடாத் துணியைச் சுற்றிச் சுற்றி இறுக்கினார். ஒரு முடிச்சு. இன்னொரு முடிச்சு. காலை உதறிப் பார்த்தார். மரத்தில் குத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தை இறக்கினார். முள் நின்றது.

அப்புறம் இறங்கினார். எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் தவறிவிடும் என்று ஒரு பயம்.

தெரியும் என்றார்

தரையைத் தொட்டதும் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டை கிழிந்து நெஞ்செல்லாம் சிராய்ப்பு. தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். அதுவரை இருந்த பயம் எனக்குக் கோபமாக மாறியது.

"பெல்ட்டு லூசா இருந்தது உங்களுக்குத் தெரியவே இல்லியா?"

தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும்."

"எப்ப இருந்து?"

"பத்து நாளா."

"பொறவு ஏன் சொல்லல?"

"நீ ஆசையாத் தச்சது. எல்லார்ட்டயும் சொல்லிச் சந்தோஷப்படுதே. அதுல போயி என்னத்தைச் சொல்ல? ரெண்டு சுத்து இறுக்கிக் கட்டிக்கிட்டு ஏறிரலாம்னு பாத்தேன்."

உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்ட மாதிரி இந்த மனிதர் மூன்று மாடி உயரம் ஏறியிருக்கிறார். நான் தினமும் "எப்படி இருக்கு" என்று கேட்டது பதிலுக்காக இல்லை, பாராட்டுக்காக. அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் எனக்குத்தான் தெரியவில்லை.

செல்லமுத்து அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி, கயிற்றைச் சுருட்டுவதுபோல் பாவனை செய்தார். அன்று மீதி மரத்தை அவரே ஏறி வெட்டினார். கைப்பிடி இல்லாத பையை நான் ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கமெண்ட்

அந்த வாரமே, விலை கேட்டுக் கீழே வைத்த நல்ல முள்ளை வாங்கினோம். அகலத் தோல் மெத்தை, இரட்டை வார். இரண்டு வாரையும் பிடித்து என் பலத்தையெல்லாம் போட்டு இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. இழுத்து வராத ஒரு பொருளைப் பார்த்து மகிழ்ந்தது என் தொழிலில் அதுதான் முதல் தடவை. தோல் விறைப்பாகத்தான் இருந்தது. பழகப் பழகக் காலுக்கு இணங்கும் என்றார்கள்.

முதல் நாள் சாயங்காலம் கேட்டேன், "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அது வேண்டாம். கமெண்ட் சொல்லுங்க."

"நெசமாவே நல்லா இருக்கு பிள்ள."

இரண்டாம் நாளும் அதே பதில். நான் மெஷினில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் அந்த "நல்லா இருக்கு" என்ற சொல்லையே நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். எதை மறைக்கிறார், எது விலகுகிறது, எது இடிக்கிறது? ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது அவர் வேலை செய்யும் பக்கம் போகிறதா என்று காதைத் தீட்டினேன்.

மூன்றாம் நாள் வந்து பூட்ஸைக் கழற்றினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கணுக்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். தொண்டையைச் செருமினார்.

"எஸ்தரு."

"என்ன?"

"வலது காலு. உள்பக்கத்து எலும்பு மேல கீழ் பெல்ட்டோட பக்கிள் படுது. வலிக்கி."

கரண்டியைத் தட்டிலேயே வைத்தேன். இஞ்ச் டேப்பை எடுக்க எழுந்தேன். இரண்டடி வைத்திருப்பேன், பின்னாலிருந்து மறுபடியும் குரல் வந்தது.

"அப்புறம், நேத்து வச்ச குழம்புல உப்பே இல்ல."

டேப்பைத் தேடுகிற சாக்கில் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் ரொம்ப நேரம் அழுதேன்.